பெரியவர்களுக்கு விழுங்குவதில் ஏற்படும் சிரமம்: அரிய பிறவிக் காரணங்கள்

உண்ட உணவு தொண்டையிலோ நெஞ்சிலோ தங்கி நிற்பது போன்ற உணர்வு, விழுங்கும்போது இருமல், ஒவ்வொரு கவளத்திற்கும் நீர் அருந்தினால்தான் சோறு உள்ளே இறங்கும் நிலை ஆகியவை விழுங்குவதில் சிரமம் எனப்படும். மருத்துவத்தில் இது டிஸ்பேஜியா என வழங்கப்படுகிறது. இது தனியொரு நோயன்று. ஏதோ ஒரு நோயின் அறிகுறியாகும். பெரியவர்களிடம் இவ்வறிகுறி தோன்றுவதற்குப் பெரும்பாலும் பிற்காலத்தில் உண்டான நோய்களே காரணமாகின்றன. எனினும், சிலரிடம் அதற்கான காரணம் தாயின் வயிற்றில் கருவாக இருந்தபோதே உருவாகி, முப்பது, நாற்பது, சில வேளைகளில் அறுபது ஆண்டுகள் வரையிலும் அடையாளம் காணப்படாமல் இருந்துவிடுகிறது.

இவ்வளவு காலம் அது மறைந்திருப்பதற்குப் பழக்கமே முதன்மையான காரணம். சிறுவயது முதல் விழுங்கச் சிரமப்படும் ஒருவர், தம்மை அறியாமலேயே அதற்கேற்ப நடந்துகொள்ளக் கற்றுக்கொள்கிறார். சோற்றைக் குழையப் பிசைகிறார், இறைச்சித் துண்டுகளை ஒதுக்குகிறார், பரோட்டாவைத் தவிர்க்கிறார், பந்தியில் கடைசியாக எழுகிறார். "நொறுங்கத் தின்றால் நூறு வயது" என்று போற்றும் நம் சமூகத்தில் மெதுவாக உண்பது நற்பழக்கமாகவே கருதப்படுகிறது. அதனால் வீட்டாரும் ஐயம் கொள்வதில்லை. அவரும் மருத்துவரிடம் கூறுவதில்லை.

இப்பக்கத்தைப் படிப்போர் இரண்டு செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும். முதலாவது, சிரமம் நெடுநாளாக இருந்துவருவது அது ஆபத்தற்றது என்பதற்குச் சான்றாகாது. இரண்டாவது, எண்டோஸ்கோப்பி அறிக்கை இயல்பாக வந்த பின்னரும் சிரமம் தொடருமாயின், காரணத்தைத் தேடும் பணி முடிந்துவிடவில்லை என்பதே பொருள்.

விழுங்குதல் நிகழும் முறை

வாயில் மென்று உருட்டப்பட்ட உணவை நாக்கு பின்னோக்கித் தள்ளுகிறது. அவ்வேளையில் குரல்வளை மேலெழும்பி மூடிக்கொள்வதால் உணவு மூச்சுப்பாதைக்குள் செல்வதில்லை. தொண்டையைக் கடக்க ஏறத்தாழ ஒரு நொடியே ஆகும். அதன்பின் உணவுக்குழாயின் தசைகள் அலைபோல் சுருங்கி, ஏறத்தாழ 8 முதல் 10 நொடிகளில் உணவை இரைப்பைக்குள் சேர்க்கின்றன.

பெரியவர்களின் உணவுக்குழாய் ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுடையது. அது கழுத்தில் மூச்சுக்குழாய்க்குப் பின்னால் தொடங்கி, நெஞ்சில் இதயத்திற்கும் முதுகெலும்பிற்கும் இடையே இறங்கி, உதரவிதானத்தைத் துளைத்து இரைப்பையை அடைகிறது. நலமான உணவுக்குழாய் 2 செ.மீ.க்கு மேல் விரிய வல்லது. அதன் உட்புழை 13 மில்லிமீட்டருக்குக் கீழ்க் குறுகும்போது திட உணவு அடிக்கடி தடைபடத் தொடங்கும். எனவே குழாய் குறுகியவர்களுக்கு முதலில் இறைச்சி, பரோட்டா, தடித்த இட்லி போன்றவையே சிக்கும். கஞ்சியும் நீரும் தடையின்றி இறங்கும். தசை அல்லது நரம்பின் இயக்கம் பாதிக்கப்பட்டிருந்தால் திடம், நீர்மம் இரண்டுமே தொடக்கம் முதல் சிரமம் தரும். இவ்வேறுபாடு மருத்துவருக்கு முதல் வழிகாட்டியாகும்.

பிறவிக் குறை நடுவயதில் வெளிப்படுவது ஏன்?

கரு வளர்ச்சியின் நான்காம் வாரத்தில், ஒரே குழாயாக இருக்கும் முன்குடலிலிருந்து மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் தனித்தனியாகப் பிரியத் தொடங்குகின்றன. ஏறத்தாழ அதே காலத்தில் இதயத்திலிருந்து எழும் தமனி வளைவுகள் இணை இணையாகத் தோன்றி, சில மறைந்து, எஞ்சியவை பெருந்தமனியாகவும் அதன் கிளைகளாகவும் அமைகின்றன. மறைய வேண்டியது நிலைத்துவிட்டாலோ, நிலைக்க வேண்டியது மறைந்துவிட்டாலோ, பிரிய வேண்டியது முழுமையாகப் பிரியாமல் போனாலோ பிறவிக் குறை உண்டாகிறது.

கடுமையான குறைகள் குழந்தைப் பருவத்திலேயே தெரிந்துவிடும். மிதமானவை மறைந்திருக்கும். வயது ஏற ஏறத் தமனிகள் தடித்து விறைப்படைகின்றன. சில இடங்களில் புடைக்கின்றன. உணவுக்குழாயும் இளமையில் இருந்த நெகிழ்வை இழக்கிறது. முப்பது வயதில் விலகி இடம் கொடுத்த குழாய், ஐம்பது வயதில் இடம் கொடுப்பதில்லை. நெடுங்கால நெஞ்செரிச்சலால் உண்டாகும் தழும்பும் பிறவியிலேயே குறுகியிருந்த குழாயை மேலும் குறுக்கக்கூடும்.

இடம் மாறிய தமனி

பெரியவர்களிடம் காணப்படும் பிறவிக் காரணங்களுள் மிகுதியாக அறியப்பட்டது இதுவே. வலக் கைக்குக் குருதி கொண்டு செல்லும் தமனி, வலது காறை எலும்பின் அடியில் செல்வதால் வலது காறையடித் தமனி எனப்படுகிறது. இயல்பாக அது பெருந்தமனி வளைவின் முதற்கிளையிலிருந்து பிரிந்து நேரே வலப்புறம் செல்லும். சிலரிடம் அது வளைவின் கடைசிக் கிளையாக இடப்புறத்தில் தோன்றி, நெஞ்சின் குறுக்கே வலக்கையை நோக்கிக் கடக்கிறது. அவ்வாறு கடப்பவற்றுள் ஏறத்தாழ 80 விழுக்காடு உணவுக்குழாயின் பின்புறமாகச் செல்கின்றன. எஞ்சியவை உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் இடையிலோ, மூச்சுக்குழாயின் முன்புறமாகவோ செல்கின்றன.

இவ்வமைப்பு 100 பேரில் ஏறத்தாழ ஒருவரிடம் இருக்கக்கூடும். அவர்களுள் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுவதும் எவ்விதத் தொல்லையும் இராது. ஆகவே வேறு காரணத்திற்காக எடுத்த ஸ்கேனில் இது தெரியவந்தால் அஞ்ச வேண்டியதில்லை. தமனி தோன்றும் இடம் புடைத்திருந்தாலோ, கழுத்துத் தமனிகள் இரண்டும் ஒரே அடியிலிருந்து கிளைத்து உணவுக்குழாய் விலக இடமில்லாமல் செய்தாலோதான் அழுத்தம் கூடி விழுங்குவதில் சிரமம் தோன்றுகிறது.

இதன் வரலாறு காலந்தாழ்ந்த நோயறிதலின் விலையை உணர்த்துகிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த மருத்துவர் டேவிட் பேபோர்டு, பல ஆண்டுகள் விழுங்க இயலாமல் துன்புற்று, உணவின்றி மெலிந்து இறந்த 62 வயதுப் பெண்மணி ஒருவரின் உடலை ஆராய்ந்து, இடம் மாறிச் சென்ற இத்தமனியே காரணம் எனக் கண்டார். அவரது கட்டுரை 1794இல் வெளியாயிற்று. இதனை 'இயற்கையின் விளையாட்டு' எனும் பொருள்தரும் இலத்தீன் தொடரால் அவர் குறித்தார். அதன் வழியே இந்நிலை இன்றும் டிஸ்பேஜியா லூசோரியா என அழைக்கப்படுகிறது. உயிருடன் இருப்பவரிடம் இதைக் கண்டறியும் வழி அன்று இல்லை. 1936இல் ஜெர்மானிய மருத்துவர் கோமரல், இத்தமனி தோன்றும் இடத்திலுள்ள புடைப்பை எக்ஸ்ரே மூலம் உயிருள்ள நோயாளியிடம் கண்டறிந்தார். அப்புடைப்பு இன்றும் அவர் பெயராலேயே வழங்கப்படுகிறது. 1946இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ராபர்ட் கிராஸ், இத்தமனியைத் துண்டித்துச் சிரமத்தை நீக்கிய அறுவை சிகிச்சையை வெளியிட்டார். அப்பெண்மணி உயிரிழக்கக் காரணமான நிலை இன்று ஒரு சி.டி. ஸ்கேனில் சில நிமிடங்களில் தெரிந்துவிடுகிறது. ஆயினும் அந்த ஸ்கேனை எடுக்க வேண்டும் என்ற ஐயம் முதலில் எழ வேண்டும்.

பெருந்தமனி வளையம்

பெருந்தமனி இயல்பாக இடப்புறம் வளைகிறது. ஏறத்தாழ 1,000 பேரில் ஒருவருக்கு அது வலப்புறம் வளைந்திருக்கும். அவர்களுள் சிலரிடம் இடக்கைத் தமனியும் ஒரு நாரும் சேர்ந்து மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் சுற்றி வளையமாக அமைகின்றன. மற்றொரு வகையில் பெருந்தமனி வளைவே இரட்டையாகி இரு குழாய்களையும் சூழ்ந்துகொள்கிறது.

இரட்டை வளைவு பெரும்பாலும் கைக்குழந்தையிடமே இரைச்சலுடன் கூடிய மூச்சாக வெளிப்படும். தளர்வான வளையம் உள்ளவர்கள் பெரியவர்களாகும் வரை அறியப்படாமல் இருக்கலாம். மூச்சிரைப்புக்கு நெடுங்காலம் ஆஸ்துமா மருந்து உட்கொண்டும் பயன் காணாதவர்களுக்கு, விழுங்குவதிலும் சிரமம் இருப்பின் இவ்வளையம் உள்ளதா எனப் பார்ப்பது தேவையாகிறது.

உணவுக்குழாயின் பிறவிச் சுருக்கம்

குழாயின் சுவரே பிறவியில் குறுகி அமைவது இவ்வகை. 25,000 முதல் 50,000 பிறப்புகளில் ஒன்றுக்கு இது நேர்வதாக மதிப்பிடப்படுகிறது. இதில் மூன்று வகைகள் உண்டு: மூச்சுக்குழாய்க்குரிய குருத்தெலும்புத் துணுக்குகள் உணவுக்குழாய்ச் சுவரில் தங்கிவிடுதல், தசையும் நாரும் தடித்துவிடுதல், மெல்லிய சவ்வு குறுக்கே அமைதல்.

குழந்தைக்குத் திட உணவு ஊட்டத் தொடங்கும் ஆறாம் மாதத்திற்குப் பின் இது வெளிப்படுவது வழக்கம். மிதமான சுருக்கம் உள்ளவர்கள் வளர்ந்த பின்னரே மருத்துவமனைக்கு வருகின்றனர். பெரும்பாலும் விருந்தில் இறைச்சித் துண்டு சிக்கிய பின்னரே வருகின்றனர். எண்டோஸ்கோப்பியில் அடுக்கடுக்கான வளையங்கள் தென்படலாம். ஒவ்வாமையால் பிற்காலத்தில் உண்டாகும் இயோசினோபிலிக் உணவுக்குழாய் அழற்சியும் இதே தோற்றத்தைக் காட்டும். அதற்குச் சிகிச்சை வேறு என்பதால், திசுத் துணுக்கு எடுத்துச் சோதித்த பின்னரே முடிவு செய்ய வேண்டும்.

உணவுக்குழாயை ஒட்டிய பிறவி நீர்க்கட்டி

உணவுக்குழாய் உருவாகும்போது அதன் ஒரு பகுதி இரட்டித்து, சுவரை ஒட்டி நீர் நிறைந்த பையாகத் தங்கிவிடுவதுண்டு. ஏறத்தாழ 8,000 பேரில் ஒருவருக்கு இது ஏற்படலாம். சிறிதாக இருக்கும்வரை தொல்லை தராது. நீர் சேர்ந்து பெருக்கும்போதோ, தொற்று ஏற்படும்போதோ நெஞ்சு வலியும் விழுங்குவதில் சிரமமும் தோன்றும். எண்டோஸ்கோப்பியில் இது மெல்லிய புறப்புடைப்பாக மட்டுமே தெரியும் என்பதால், ஒலியலை இணைந்த எண்டோஸ்கோப்பியோ சி.டி. ஸ்கேனோ தேவைப்படும்.

மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையிலான துளை

இரு குழாய்களும் முழுமையாகப் பிரியாமல், இடையே மெல்லிய பாதை ஒன்று எஞ்சிவிடுவதுண்டு. இதனால் நீர் அருந்தும் ஒவ்வொரு முறையும் சிறிதளவு நுரையீரலுக்குள் செல்கிறது. சிறுவயது முதல் நீர் குடித்தால் இருமல், அடிக்கடி நிமோனியா, உண்டபின் வயிறு காற்றால் உப்புதல் ஆகியவை இதன் அடையாளங்கள். இத்துளை மிகச் சிறியதாகவும் சாய்வாகவும் இருப்பதால், சில வேளைகளில் ஒருமுறை செய்யும் பரிசோதனையில் தப்பிவிடும். மீண்டும் மீண்டும் வரும் நிமோனியாவைக் காசநோய் என்றோ, சளித்தொல்லை என்றோ எண்ணி ஆண்டுகள் கழிந்துவிடக்கூடும்.

பிறந்தவுடன் அறுவை சிகிச்சை பெற்றவர்கள்

உணவுக்குழாய் இடையில் துண்டிக்கப்பட்ட நிலையில் பிறக்கும் குழந்தைகள் முற்காலத்தில் பிழைப்பதில்லை. 1941இல் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் கேமரூன் ஹைட் எனும் அறுவை மருத்துவர் இரு முனைகளையும் நேரடியாக இணைத்து வெற்றி கண்டார். அதன்பின் இச்சிகிச்சை பரவி, அவ்வாறு பிழைத்த பலர் இன்று நடுவயதை எட்டியுள்ளனர்.

இணைக்கப்பட்ட குழாயின் தசையியக்கம் இயல்பானதாக இராது. எனவே இவர்களுக்கு விழுங்குவதில் சிரமமும் நெஞ்செரிச்சலும் வாழ்நாள் முழுவதும் தொடரக்கூடும். நெடுங்கால அமில எதுக்களிப்பால் உட்சுவர் மாற்றமடையும் வாய்ப்பும் உண்டு. பெரியவர்களான பின்னும் இவர்கள் மருத்துவக் கண்காணிப்பில் இருப்பது இன்றியமையாதது. நெஞ்சின் பக்கவாட்டில் அல்லது முதுகுப்புறத்தில் குழந்தைப் பருவத் தழும்பு இருந்து அதன் காரணம் தெரியாதவர்கள், பெற்றோரிடமோ மூத்த உறவினரிடமோ கேட்டறிய வேண்டும்.

வேறு இரு அரிய நிலைகள்

நாக்கின் அடியில் தைராய்டு: கருவில் நாக்கின் அடிப்பகுதியில் தோன்றும் தைராய்டு சுரப்பி, கழுத்துக்கு இறங்காமல் அங்கேயே தங்கிவிடுவது. இது பெண்களிடம் மிகுதி. பூப்பு, கருவுறுதல் ஆகிய காலங்களில் சுரப்பி பெருத்து, தொண்டையில் கட்டி இருப்பது போன்ற உணர்வைத் தரும். பலருக்கு உடலில் உள்ள ஒரே தைராய்டு இதுவாகவே இருக்கும். ஆகவே கழுத்தில் வேறு தைராய்டு உள்ளதா என ஸ்கேன் மூலம் உறுதி செய்யாமல் இதனை அகற்றுதல் கூடாது.

டிரிபிள் ஏ நோய்த்தொகுப்பு: அழும்போது கண்ணீர் வராமை, அட்ரினல் சுரப்பிக் குறைவு, உணவுக்குழாயின் கீழ்வாய் தளராமை ஆகிய மூன்றும் இணைந்த மரபுவழி நோய். ஆல்குரோவ் என்பவர் 1978இல் இதனை விவரித்தார். தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால் மட்டுமே இது தோன்றும். எனவே மாமன், அத்தை மக்களிடையே திருமணம் நடைபெறும் குடும்பங்களில் இதற்கான வாய்ப்பு கூடுகிறது. பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் வெளிப்பட்டாலும், மிதமான வடிவம் வளர்ந்த பின்னரே அறியப்படலாம். அட்ரினல் குறைவு கவனிக்கப்படாவிடில், சாதாரணக் காய்ச்சலின்போதும் இரத்தச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் திடீரெனச் சரிந்து உயிருக்கு ஆபத்து நேரிடும்.

முதலில் விலக்கப்பட வேண்டியவை

பிறவிக் காரணம் உண்டு என்று அறிந்தவுடன், "எனக்கும் பிறவியிலிருந்தே இப்படித்தான்" என எண்ணி அமைதியடைதல் கூடாது. பெரியவர்களிடம் விழுங்குவதில் சிரமம் தோன்றினால் முதலில் விலக்கப்பட வேண்டியது வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோயே. புகையிலை மெல்லுதல், புகைபிடித்தல், மது, பாக்கு ஆகியவற்றின் பழக்கம் உள்ளவர்களுக்கு இவ்வாய்ப்பு மிகுதி. நெடுநாள் மிதமாக இருந்த சிரமம் சில வாரங்களில் விரைந்து கூடுவது புதிய நோயின் அடையாளமாகலாம்.

இவற்றுடன் அமில எதுக்களிப்பால் உண்டான தழும்பு, இரும்புச்சத்துக் குறைவால் தோன்றும் தொண்டைச் சவ்வு, அமிலமோ காரமோ அருந்தியதால் ஏற்பட்ட சுருக்கம், பக்கவாதம், நெஞ்சில் வீங்கிய காசநோய்க் கழலைகள் ஆகியவையும் கருதப்பட வேண்டும். இவை பிறவிக் காரணங்களைவிடப் பன்மடங்கு மிகுதியாகக் காணப்படுபவை. இவற்றுள் பெரும்பாலானவை சிகிச்சைக்குக் கட்டுப்படுபவை.

மருத்துவரிடம் கூற வேண்டியவை

பிறவிக் காரணத்தைக் கண்டறிய நோயாளி கூறும் வரலாறே முதல் துப்பாகும். மருத்துவமனைக்குச் செல்லும்முன் பின்வருவனவற்றை எழுதி வைத்துக்கொள்வது நன்று.

• சிரமம் எந்த வயதில் தொடங்கியது. பள்ளிப் பருவத்தில் உணவு உண்ண எவ்வளவு நேரம் ஆயிற்று.
• திட உணவு மட்டும் தடைபடுகிறதா, நீரும் தடைபடுகிறதா.
• உணவு நிற்கும் இடம் கழுத்தா, நெஞ்சா.
• விழுங்கும்போது இருமல், மூக்கு வழியே நீர் வருதல், குரல் மாற்றம் உண்டா.
• இதற்குமுன் உணவு சிக்கி மருத்துவமனை சென்றதுண்டா.
• தவிர்த்து வரும் உணவுகள் யாவை.
• கடந்த ஆறு மாதங்களில் எடை குறைந்துள்ளதா.
• குழந்தைப் பருவத்தில் நிமோனியா, மூச்சிரைப்பு, அறுவை சிகிச்சை நேர்ந்ததா.
• பிறவி இதயக் குறை, டவுன் நோய்த்தொகுப்பு போன்றவை உண்டா.
• பெற்றோர் உறவுமுறையில் மணம் புரிந்தவர்களா. உடன்பிறந்தாருக்கு இதே தொல்லை உண்டா.

தாய் அல்லது மூத்த உறவினர் உடன் வருவது மிகவும் உதவும். "பால் குடிக்கும்போதே புரையேறும்" என அவர் கூறும் ஒரு சொல், பல பரிசோதனைகள் காட்டாததைக் காட்டக்கூடும்.

பரிசோதனைகள்

எண்டோஸ்கோப்பி: புற்றுநோய், தழும்பு, அழற்சி ஆகியவற்றை விலக்க முதலில் செய்யப்படுவது. உட்சுவரை நேரடியாகக் காட்டும்; தேவையெனில் திசுத் துணுக்கும் எடுக்கலாம். ஆனால் குழாயை வெளியிலிருந்து அழுத்தும் தமனி, கருவி எளிதில் கடந்துவிடுவதால், கண்ணுக்குப் புலப்படாமல் போகலாம்.

பேரியம் எக்ஸ்ரே: வெண்மையான பேரியக் கரைசலை விழுங்கச் செய்து எடுக்கப்படும் படம். இடம் மாறிய தமனி இருப்பின், உணவுக்குழாயின் பின்புறத்தில் இடக்கீழிருந்து வலமேலாகச் சாய்ந்த பள்ளம் ஒன்று தெரியும். சுருக்கத்தின் நீளத்தையும் இடத்தையும் இது தெளிவாகக் காட்டும். நீர் அருந்தும்போது இருமல் வருமாயின் அதனை முன்கூட்டியே கூற வேண்டும்.

சி.டி. ஆஞ்சியோகிராம், எம்.ஆர்.ஐ.: பெருந்தமனி, அதன் கிளைகள், நீர்க்கட்டிகள் ஆகியவற்றைத் துல்லியமாகக் காட்டும். கருவுற்றிருப்போர், சிறுநீரகக் குறைபாடு உள்ளோர், நீரிழிவுக்கு மெட்பார்மின் உட்கொள்வோர், மருந்து ஒவ்வாமை உள்ளோர் ஆகியோர் சி.டி.க்கு முன்பே இதனைத் தெரிவித்தல் வேண்டும்.

மேனோமெட்ரி: உணவுக்குழாயின் அழுத்தத்தையும் தசையியக்கத்தையும் அளப்பது. எண்டோஸ்கோப்பியும் பேரியப் படமும் காரணத்தைக் காட்டாதபோது இது தேவைப்படும்.

சிகிச்சை

மிதமான சிரமத்திற்கு உணவு முறை மாற்றமே பெரும்பாலும் போதுமானது. சிறு கவளம், நன்கு மெல்லுதல், இடையிடையே நீர், நிமிர்ந்து அமர்ந்து உண்ணுதல், உண்டபின் அரைமணி நேரமேனும் படுக்காதிருத்தல் ஆகியவை பயன் தரும். அமில எதுக்களிப்பு உடனிருந்தால் அதற்கு மருந்து வழங்கப்படும். மாத்திரைகளை நிமிர்ந்த நிலையில் முழுத் தம்ளர் நீருடன் விழுங்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை, டாக்சிசைக்கிளின் போன்றவை உணவுக்குழாயில் தங்கினால் புண்ணாக்கும்.

எடை குறைந்தாலோ, சிரமம் கூடினாலோ, தமனியில் புடைப்பு இருந்தாலோ அறுவை சிகிச்சை கருதப்படும். இடம் மாறிய தமனியைத் துண்டித்து, வலக்கைக்குக் குருதி தடைபடாதவாறு அதனைக் கழுத்துத் தமனியுடன் இணைப்பர். புடைப்பு உள்ளவர்களுக்குக் குழாய்வழி ஸ்டென்ட் பொருத்துதலும் சேர்த்துச் செய்யப்படலாம். பிறவிச் சுருக்கம் பலூன் அல்லது விரிப்பான் கொண்டு படிப்படியாக விரிக்கப்படும். குருத்தெலும்பு வகைக்கு விரித்தல் போதாமல் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். நீர்க்கட்டி அகற்றப்படும்; துளை மூடப்படும்.

இடம் மாறிய தமனி உள்ளதென அறிந்தவர்கள், அறிகுறி இல்லாவிடினும், அவ்வறிக்கையைப் பாதுகாத்து வைக்க வேண்டும். வலது மணிக்கட்டு வழியாக இதய ஆஞ்சியோகிராம் செய்வது இவர்களுக்குக் கடினமாகலாம். தைராய்டு அறுவை சிகிச்சையின்போது வலப்புறக் குரல் நரம்பு வழக்கமான தடத்தில் இராது என்பதால், அது காயமுறாதிருக்க அறுவை மருத்துவர் முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும்.

காரைக்கால் வட்டார மக்களின் கவனத்திற்கு

புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால், கிழக்கே கடலும் ஏனைய பக்கங்களில் தமிழ்நாட்டின் நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் மாவட்டங்களும் சூழ அமைந்துள்ளது. இப்பகுதி மக்கள் காரைக்காலில் ஒரு பரிசோதனை, நாகப்பட்டினத்திலோ தஞ்சாவூரிலோ மற்றொன்று, புதுச்சேரியிலோ சென்னையிலோ வேறொன்று எனப் பல இடங்களில் சிகிச்சை பெறுவது இயல்பு. அரிய நோய்களைப் பொறுத்தவரை இதனால் ஓர் இடர் உண்டு. குழந்தைப் பருவ நிமோனியா ஓரிடத்தில், உணவு சிக்கியது இன்னோரிடத்தில், எண்டோஸ்கோப்பி மூன்றாமிடத்தில் எனப் பதிவுகள் சிதறும்போது, அனைத்தையும் ஒருசேரப் பார்க்கும் மருத்துவர் எவரும் இல்லாமற் போகிறார். எனவே எல்லா அறிக்கைகளையும் ஸ்கேன் படங்களையும் ஒரே கோப்பில் வைத்து, செல்லும் இடமெல்லாம் கொண்டு செல்ல வேண்டும். 14 இலக்க ஆபா எண் பெற்றுப் பதிவுகளை இணைத்துக்கொள்வதும் உதவும்.

சிரமம் இருப்போர் முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ, காரைக்கால் அரசு பொது மருத்துவமனையையோ அணுகலாம். மேல்பரிசோதனை தேவைப்படுவோர் பரிந்துரைக் கடிதத்துடன் புதுச்சேரி ஜிப்மர் போன்ற உயர் சிகிச்சை மையங்களுக்குச் செல்லலாம். ஜிப்மரில் இரைப்பை குடல் மருத்துவம், இரைப்பை குடல் அறுவை சிகிச்சை, இதய நெஞ்சக இரத்தநாள அறுவை சிகிச்சை ஆகிய துறைகள் உள்ளன. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பங்கள் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு பெறலாம். அட்டையை முன்னரே பெற்று வைத்திருப்பது நன்று.

கடற்கரை ஊர்களில் மீன் அன்றாட உணவு. தொண்டையில் முள் சிக்கினால் சோற்று உருண்டையையோ வாழைப்பழத்தையோ விழுங்கித் தள்ளும் வழக்கம் உண்டு. அவ்வாறு செய்தால் முள் ஆழமாகக் குத்தி உணவுக்குழாயைத் துளைக்கலாம்; குழாய் குறுகியவர்களுக்கு அந்த உருண்டையே அடைப்பாகிவிடும். முள் சிக்கியதாகத் தோன்றினால் உண்பதை நிறுத்தி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அவசர நிலை

பின்வருவனவற்றுள் ஏதேனும் நேர்ந்தால் 108 ஆம்புலன்ஸை அழைக்கவோ, உடனே மருத்துவமனைக்குச் செல்லவோ வேண்டும்.

• உணவு சிக்கி, உமிழ்நீரைக்கூட விழுங்க இயலாமை.
• மூச்சு விட இயலாமை, பேச்சு வராமை.
• உணவு சிக்கியதைத் தொடர்ந்து கடும் நெஞ்சு வலி, காய்ச்சல், கழுத்து வீக்கம்.
• இரத்த வாந்தி அல்லது கருநிற மலம்.
• திடீரென விழுங்க இயலாமையுடன் முகம் கோணுதல், கை கால் தளர்தல், பேச்சுக் குழறல்.

உணவு சிக்கியவர் பேசவும் மூச்சுவிடவும் முடிந்தால், அடைப்பு உணவுக்குழாயில் உள்ளது எனக் கொள்ளலாம். அவருக்கு நீரோ, சோடாவோ, வேறு உணவோ கொடுத்து அடைப்பைத் தள்ள முயலக் கூடாது. எண்டோஸ்கோப்பி மூலம் அதனை அகற்ற இயலும். உமிழ்நீர் இறங்காதவருக்கு இது சில மணி நேரத்திற்குள்ளும், மற்றவர்களுக்கு 24 மணி நேரத்திற்குள்ளும் செய்யப்பட வேண்டும். அடைப்பு நீங்கியதும் வீடு திரும்பிவிடாமல், அது ஏன் நேர்ந்தது என்பதற்கான பரிசோதனையையும் செய்துகொள்ள வேண்டும்.

நினைவிற்கொள்ள

உங்கள் வீட்டில் ஒருவர் எப்போதும் பிறரைவிட இருமடங்கு நேரம் எடுத்து உண்பவராக, ஒவ்வொரு கவளத்திற்கும் நீர் தேடுபவராக, வெளியில் உண்ணத் தயங்குபவராக இருந்தால், அதனை அவரது சுபாவம் என விட்டுவிடாதீர்கள். அவரிடம் கேளுங்கள், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். புற்றுநோய் போன்ற ஆபத்தான காரணம் இருப்பின் அது காலத்தே தெரியவரும். அரிய பிறவிக் காரணமாயின், அதற்குப் பெயரும் உண்டு. பெரும்பாலும் தீர்வும் உண்டு.

இப்பக்கத்திலுள்ள செய்திகள் பொது விழிப்புணர்வுக்காக மட்டுமே வழங்கப்படுகின்றன. இவை மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாகா.